ஆண்டவருடைய நேரம் வரும் என்கிறார்கள். அது வரும்வரை என்ன செய்வது?

உடுவில்காரி

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நீண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் தச்சு வேலை செய்பவர். சித்திரை வருடப்பிறப்பு முடிந்து ஐந்தாம் நாள், விடியற்காலையில் கிணற்றடிக்கு முகம் கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் கிணற்றுக்கட்டைப் பிடித்தபடி சரிந்து கிடக்கிறார், வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன. இப்போது ஏழாவது மாதம். ஒரு கையில் தடி, மற்றப் பக்கம் நான் தாங்க, கட்டிலிலிருந்து விறாந்தை வரை நடக்கிறார். கை எழும்பவில்லை. பேச்சில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு சொல், 'சரி'. தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, நோகுது என்றாலும் சரி, கோபம் வந்தாலும் சரி.

மகன் உயர்தரம் எழுதப் போகிறான், மகள் ஒன்பதாம் வகுப்பு. நான் வீட்டில் தையல் செய்கிறேன். பாடசாலைச் சட்டை தைக்கும் காலத்தில் காசு வரும், மற்ற நேரம் சீட்டுக் காசு கட்டவே காணாது. நகை ஈட்டில் இருக்கிறது. அதை விடுவோம், அது எல்லா வீட்டிலும் உள்ள கதை.

நான் கேட்க வந்தது வேறு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். இந்த வருடம் எனக்கு வந்தது எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' அலுமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தேன், இப்பவும் அங்கேதான் இருக்கிறது. தலை சீவும் ஒவ்வொரு காலையும் அது என்னைப் பார்க்கிறது. வீட்டுக்கு வருகிற எல்லோரும் 'ஆண்டவருடைய நேரம் வரும், காத்திரு' என்கிறார்கள். ஜெபிக்க வந்த ஒருவர், விதைக்காணிக்கை போட்டால் நாற்பது நாளில் எழும்பி நடப்பார் என்றார். மகளின் காப்பை ஈடு வைத்துக் கொடுத்தேன். நாற்பது போய்த் தொண்ணூறும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் குளியலறைக்கும் கக்கூசுக்கும் கைப்பிடி போடச் சொன்னார்கள், விறாந்தைப் படியைச் சாய்வாக்கச் சொன்னார்கள். நான் செய்யவில்லை. காசு இல்லாமல் இல்லை, அவ்வளவு பெரிய செலவும் கிடையாது. கைப்பிடி போட்டால் இவர் இனி எழும்பமாட்டார் என்று நானே எழுதிக் கையெழுத்து வைத்தது போல ஆகிவிடும் என்ற பயம்.

ஆண்டவரை நான் விடவில்லை. விட்டுவிட்டு எங்கே போவது? ஆனால் அந்த 'நேரம்' என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சு எரிகிறது. அது அவிசுவாசமா? காத்திரு என்கிறார்களே, காத்திருக்கிற ஆள் காலையில் எழும்பி என்னதான் செய்ய வேண்டும்?

நெய்தல்

அக்கா, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்கு இரவு வீட்டுச் ஜெபத்தில் உங்கள் நாலு பேரையும் நினைப்போம்.

வசனம்மட்டும்

சகோதரி, மனம் புண்பட எழுதவில்லை, ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இப்படிக் கேள்விகள் வருவதே விசுவாசம் தளர்ந்ததின் அடையாளம். யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் விற்கப்பட்டவன் 30 வயதில் பார்வோன் முன் நின்றான். 13 வருடம். ஒரு முறுமுறுப்பும் இல்லை. வாக்குத்தத்தம் வந்திருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு வாயைக் காத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி போடாதது நல்ல முடிவுதான், அதற்கு ஏற்ற பலன் வரும்.

மயிலிட்டிக்கடல்

பிள்ளை, நான் மயிலிட்டி, வயது எழுபது தாண்டிவிட்டது. எழுத்துப் பிழை இருந்தால் பேத்தியைத்தான் பேச வேண்டும், நான் சொல்லச் சொல்ல அவள்தான் அடிக்கிறாள்.

உன்னுடைய அட்டையைப் பற்றித்தான் கதைக்க வந்தேன். அந்த வசனத்தோடு எனக்கு 27 வருடப் பழக்கம்.

1990 ஆனி மாதம் ஷெல்லடி தொடங்கியபோது உடுத்த உடுப்போடு ஊரை விட்டு வந்தோம். இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று கோழிகளுக்கு ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து, கதவைப் பூட்டி, திறப்பை மனைவி முந்தானையில் முடிந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஊர் உயர் பாதுகாப்பு வலயம் ஆகிவிட்டது, இராணுவம் மட்டும் இருக்கும், சனம் போக முடியாது. சொந்தக்காரர் வீடு, பள்ளிக்கூடம், கடைசியில் முகாம். முதல் வருடம் வந்தவர்கள் எல்லோரும் இன்னும் ஆறு மாதம் என்றார்கள், கிறிஸ்மஸுக்கு ஊரில் என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஒவ்வொரு தேதியும் வந்து போகும்போது நெஞ்சில் ஒரு துண்டு கழன்று போகும்.

முகாமில் இருந்த காலத்தில் ஒரு சுவாமியார் எரேமியா 28ஐயும் 29ஐயும் சேர்த்து வாசித்தார். பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன சனம் இரண்டே வருடத்தில் திரும்பி வரும் என்று அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி எருசலேம் கோவிலில் நின்று கடவுள் பேரால் சொல்கிறான். எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தையும் எடுத்து உடைக்கிறான். சனத்துக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவுக்கும் அது பலிக்க வேண்டும் என்று ஆசைதான், ஆமென் என்கிறார். ஆனால் கடவுள் சொல்லச் சொன்னது வேறு, அதைத்தான் பாபிலோனில் இருந்த சனத்துக்குக் கடிதமாக எழுதி அனுப்புகிறார். வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள். 70 வருடம் ஆகும். அதற்குப் பிறகுதான், பிள்ளை, உன் அட்டையில் உள்ள 11ஆம் வசனம் வருகிறது. 10ஆம் வசனத்தில் 70 வருடம், 11ஆம் வசனத்தில் சமாதானத்துக்கேதுவான நினைவுகள். அட்டை அச்சடிக்கிறவர்கள் பத்தை விட்டுவிட்டுப் பதினொன்றை மட்டும் போடுகிறார்கள். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட வளர்ந்த ஆட்களில் பெரும்பாலானவர்கள் பாபிலோனிலேயே செத்திருப்பார்கள். இருந்தும் அந்த வசனம் அவர்களுக்குத்தான் முதலில் சொல்லப்பட்டது.

எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. 70 வருடம் என்று சொல்லவா இவரைக் கூட்டி வந்தார்கள் என்று எழும்பிப் போய்விட்டேன். என் மனைவி போகவில்லை. அடுத்த கிழமை எங்கிருந்தோ ஒரு முருங்கைக் கொம்பும் ஒரு மாங்கன்றும் கொண்டு வந்து முகாம் கொட்டிலுக்குப் பின்னால் வைத்தாள். மற்றவன் காணியில் ஏன் மரம் வைக்கிறாய், இங்கேயா இருக்கப் போகிறோம் என்று சண்டை பிடித்தேன். ஒரு வாளி தண்ணீர் நான் ஊற்றவில்லை. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, பாத்திரம் கழுவிய தண்ணீரை அதற்குத் திருப்பிவிட்டாள். தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பார்கள். மாங்கன்று வைத்தவள் தின்றாள். பதினைந்து வருடத்துக்கு மேல் அந்த மரத்துப் பழம் எங்கள் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள், அயல் கொட்டில் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

2011இல் அவள் செத்துப்போனாள். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகப் பக்கத்தை விட்டார்கள். அவள் மறுபடி அந்தக் கடலைப் பார்க்கவில்லை. நான் திறப்போடு போனேன், கதவும் இல்லை, கதவு வைத்த சுவரும் இல்லை. பற்றைக்குள் கிணறு மட்டும் இருந்தது. அதன் கட்டில் உட்கார்ந்து அழுதேன், சந்தோசமா துக்கமா என்று எனக்கே தெரியாது. பிறகுதான் எஸ்றா ஆகமத்தில் வாசித்தேன், திரும்பிப் போய்க் கோவிலுக்கு அத்திவாரம் போட்டபோது பழைய கோவிலைக் கண்ட கிழவர்கள் சத்தமிட்டு அழுதார்களாம், மற்றவர்கள் ஆர்ப்பரித்தார்களாம், எது அழுகை எது ஆர்ப்பரிப்பு என்று சனத்துக்குப் பிரித்தறிய முடியவில்லையாம். எழுதினவனுக்கு எங்களைத் தெரிந்திருக்கிறது.

யாராவது என்னிடம் கடவுள் உண்மையுள்ளவரா என்று கேட்டால் ஊர் திரும்பின கதையைச் சொல்லமாட்டேன். அந்த மாமரத்தைத்தான் சொல்லுவேன். கைப்பிடியைப் போடு பிள்ளை.

ரொறன்ரோ86

ஐயா எழுதியதற்குப் பிறகு எழுதவே தயக்கமாக இருக்கிறது. ஆனால் யோசேப்பு முறுமுறுக்கவில்லை என்று மேலே ஒருவர் எழுதியதை அப்படியே விட முடியாது.

ஆதியாகமம் 40ஐ எடுத்துப் பாருங்கள். பானபாத்திரக்காரன் சிறையிலிருந்து வெளியே போக முன் யோசேப்பு அவனிடம் கெஞ்சுகிறான், என்னை நினைத்துக்கொள், பார்வோனுக்குச் சொல்லி என்னை இங்கிருந்து விடுதலையாக்கு, இந்தக் கிடங்கில் என்னைப் போடுவதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை என்கிறான். இது முறைப்பாடு இல்லாமல் வேறு என்ன? அவன் மறந்துபோகிறான், முழுதாக இரண்டு வருடம். யோசேப்பு விசுவாசி, ஆனால் வெளியே போக வழி தேடினான், ஆள் பிடித்தான், தன் நியாயத்தைச் சொன்னான். பிறகு சகோதரர்களைக் கண்டபோது எத்தனை தடவை அழுதான் என்று எண்ணிப் பாருங்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு எனக்கு ஒன்பது வயது. சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு. மழை. செம்மணி வெளியால் நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஆளோடு ஆள் நெருங்கி நின்றோம், சைக்கிளில் அரை மணித்தியாலம் போகிற தூரம் விடிந்தும் முடியவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாமல் குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைத்தண்ணீர் ஏந்திக் குடித்தோம். அப்பாவின் சைக்கிள் கரியரில் இருந்த அம்மம்மா திடீரென்று உரத்த குரலில் 'கர்த்தாவே, எதுவரைக்கும்' என்று தொடங்கினார். நான் பயந்துபோனேன். கடவுளோடு இப்படிச் சண்டை பிடித்தால் இன்னும் ஏதும் வந்துவிடும் என்று அவருடைய வாயைப் பொத்தப் பார்த்தேன். அது 13ஆம் சங்கீதம் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. முதல் இரண்டு வசனத்தில் 'எதுவரைக்கும்' என்று நாலு தடவை. அம்மம்மா கடவுளைத் திட்டவில்லை, கடவுளுடைய புத்தகத்திலிருந்தே எடுத்து அவருக்குத் திருப்பி வாசித்திருக்கிறார்.

அக்கா, நெஞ்சு எரிகிறது என்று எழுதினீர்களே, அதை அவரிடமே சொல்லுங்கள். சொல்வதற்கு ஏற்கனவே சொற்கள் எழுதி வைத்திருக்கிறது.

பழையதாதி

உடுவில்காரி அக்கா, நான் ஆஸ்பத்திரி வாட்டில் 19 வருடம் வேலை செய்தவள். ஜெபம் பற்றி மற்றவர்கள் நன்றாக எழுதுகிறார்கள், நான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்குப் பிறகு முன்னேற்றம் வராது என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் மூன்று மாதத்தில் வேகமாக வரும், ஆறு மாதம் வரை நன்றாக வரும், பிறகு மெதுவாகும். மெதுவாகும், நின்றுவிடாது. ஒரு வருடம் கழித்தும் புதிதாக ஒன்று செய்யத் தொடங்கியவர்களைக் கண்டிருக்கிறேன். அதற்குப் பயிற்சி வேண்டும், ஒவ்வொரு நாளும் வேண்டும். பயிற்சிக்கு எழும்பி நிற்க வேண்டும், பயமில்லாமல் எழும்பி நிற்கக் கைப்பிடி வேண்டும். கைப்பிடி இல்லாத வீட்டில் நோயாளி விழுவார், அல்லது விழும் பயத்தில் கட்டிலோடு கிடப்பார், இரண்டும் இருக்கிற பலத்தையும் குறைக்கும். ஆக, கைப்பிடி என்பது நடக்கமாட்டார் என்று எழுதிக் கொடுப்பதில்லை. அதைப் பிடித்துத்தான் நடக்கப் பழகுவார்.

தூக்கும்போது வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும். இருக்கும்போது அந்தக் கைக்குக் கீழே தலையணை வையுங்கள். பிரஷர் மாத்திரை ஒரு நாளும் தவறக்கூடாது. ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்புங்கள். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் அவருடைய கோப்பைக்கு வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது விசுவாசக் குறைவு கிடையாது, மூளைக்கு வந்த காயத்தோடு சேர்ந்து வருவது, மருந்து இருக்கிறது, கிளினிக்கில் வாய் திறந்து கேளுங்கள். பார்த்துக்கொள்கிறவருக்கும் வரும். நீங்கள் கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினீர்கள்?

பேச்சுக்கு ஒன்று செய்து பாருங்கள். 'சரி' மட்டும் மிஞ்சியிருப்பது இந்த நோயில் காண்கிற விசயம்தான், வழக்கமாக வாயில் வரும் சொல் ஒன்று தப்பி நின்றுவிடும். இப்படிப் பேச முடியாதவர்கள் சிலர் பாட்டு மட்டும் பாடுவார்கள். பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கம், ராகத்துக்கு வலது பக்கமும் உதவும். சின்ன வயதிலிருந்து பாடிய பாட்டு ஒன்றை மெதுவாக, கையில் தாளம் போட்டுக்கொண்டு அவரோடு பாடுங்கள். முதல் நாளே ஒன்றும் வராவிட்டாலும் விடாதீர்கள்.

கொழும்புத்துறையான்

நான் சைவம், இந்த இழைக்குள் வரலாமா என்று யோசித்தேன். துன்பத்துக்கு மதம் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் இருந்த யோகர் சுவாமிகள் சொல்லிவிட்டுப் போனது, 'எப்பவோ முடிந்த காரியம்'. யாழ்ப்பாணத்தில் இதைக் கேட்காத ஆள் இல்லை. செத்த வீட்டிலும் சொல்வார்கள், பரீட்சை தவறினாலும் சொல்வார்கள். சின்ன வயதில் எனக்கு அது எரிச்சல். எல்லாம் எப்பவோ முடிந்துவிட்டதென்றால் நான் எதற்கு என்று கேட்பேன். அப்பாதான் சொன்னார், கூடவே அவர் 'நாம் அறியோம்' என்றும் சொல்லியிருக்கிறார், இரண்டையும் சேர்த்துப் படி என்று. முடித்து வைத்தவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. தெரியாதவன் மற்றவனுக்கு நாள் குறித்துக் கொடுக்கக் கூடாது. அக்காவிடம் நாற்பது நாள் என்று சொன்னவர் 'நாம் அறியோம்' என்ற இரண்டு சொல்லைச் சொல்லியிருந்தால் பிள்ளையின் காப்பு வீட்டில் இருந்திருக்கும்.

ரொறன்ரோத் தம்பி எழுதிய சங்கீதத்தை வாசித்தபோது அப்பர் சுவாமிகளின் நினைவு வந்தது. அவர் பாடிய முதல் பதிகமே முறைப்பாடுதான். சூலை நோயில் வயிறு முறுக்கத் திருவதிகை வாசலில் விழுந்து 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்கிறார். எமனைப் போல வந்து நிற்கிற இதை நீர் விலக்கவில்லை, நான் என்ன கொடுமை செய்தேன் என்று எனக்குத் தெரியவும் இல்லை. நோய் தீர்ந்த பிறகு பாடிய நன்றிப்பாட்டு என்று நினைத்திருந்தேன், இல்லை, நோயோடு பாடியது. பிறகு அவரை நீற்றறையில் (சுண்ணாம்புச் சூளையில்) ஏழு நாள் அடைத்தபோது 'மாசில் வீணையும்' என்று பாடியவரும் அதே ஆள். முதலில் அலறத் தெரிந்தபடியால்தான் பிறகு அப்படிப் பாட முடிந்தது என்பது என் எண்ணம். பிழையென்றால் திருத்துங்கள்.

கிளிநொச்சிமகள்

என் பெரியம்மாவின் மகன் 2009இல் காணாமல் போனவன். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் போராட்டமாக உட்கார்ந்த நாளிலிருந்து அவரும் போகிறார். மகனின் சாதாரணதரப் பெறுபேற்றுத் தாளைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கொண்டு போவார், மழை பெய்தால் பையைச் சட்டைக்குள் வைப்பார். கூட இருந்த தாய்மார் சிலர் பதில் தெரியாமலேயே செத்துப் போனார்கள்.

அவரிடம் ஒரு தடவை நானும் 'கடவுளுடைய நேரம் வரும் பெரியம்மா' என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. 'அது வரட்டும், நீ வந்து என் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இரு' என்றார். இருந்தேன். வெயில், தூசி, போகிற பஸ்ஸில் இருந்து பார்க்கிற சனம். அதற்குப் பிறகு அந்த வசனத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை.

லாசரு செத்த வீட்டுக்கு இயேசு பிந்தித்தான் வருகிறார், செய்தி கேட்டும் இரண்டு நாள் அங்கேயே தங்குகிறார், வந்தபோது கல்லறையில் நாலு நாள் ஆகிவிட்டது. மார்த்தாள் முகத்துக்கு நேரே சொல்கிறாள், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்று. அவளை அவர் அதட்டவில்லை. இன்னும் சில நிமிடத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர், அது தெரிந்தும், மரியாள் அழுவதைக் கண்டு தானும் அழுகிறார். அழாமல் நேரே கல்லறைக்குப் போயிருக்கலாமே என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அழுது முடித்த பிறகுதான் போனார்.

உடுவில்காரி அக்கா, நான் மாதம் ஒரு தடவை யாழ்ப்பாணம் வருவேன். சம்மதம் என்றால் ஒரு பின்னேரம் வந்து இவரோடு இருக்கிறேன், நீங்கள் கொஞ்சம் படுத்து எழும்புங்கள்.

வசனம்மட்டும்

நான் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கைப்பிடி விசயத்தில் நான் சொன்னது பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள் சகோதரி. என் அப்பாவும் கடைசி எட்டு மாதம் கட்டிலில்தான். அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் வசனம் சொன்னேன், ஒரு தடவைகூட அவர் கேட்டு முடிக்கும்வரை இருந்ததில்லை. யோசேப்பு ஆள் பிடித்தது பற்றித் தம்பி எழுதியது சரி, நான் அந்த அதிகாரத்தை வேகமாகத் தாண்டிப் போகிறவன்.

உடுவில்காரி

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாவற்றையும் இரவில் இவருக்கு வாசித்துக் காட்டினேன். மயிலிட்டி ஐயாவின் மாங்கன்று வந்த இடத்தில் இடது கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லிக் காட்டி, அந்தப் பகுதியை இன்னொரு தடவை வாசிக்க வைத்தார்.

வேதாகமத்தை எடுத்து 29ஆம் அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். எத்தனை வருடமாக இந்த வசனம் வாயில் இருக்கிறது, ஒரு தடவைகூட மேலே ஏறிப் பார்க்கவில்லை. அட்டையை எடுத்து அதன் பின்பக்கத்தில் பத்தாம் வசனத்தையும், வீடு கட்டித் தோட்டம் போடச் சொல்கிற ஐந்தாம் வசனத்தையும் பேனையால் எழுதித் திருப்பிச் செருகிவிட்டேன். பயமாகத்தான் இருந்தது, எழுபது என்ற எண்ணை எழுதக் கை வரவில்லை. எழுதிய பிறகு ஏனோ மூச்சு இலேசாக இருந்தது. நாள் எண்ணுவதை நிறுத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

வசனம்மட்டும் அண்ணா, உங்கள் மேல் கோபமில்லை. நானும் மற்ற வீடுகளுக்குப் போய் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

தாதி அக்கா, முழு இரவு தூங்கியது எப்போது என்று கேட்டீர்கள். ஞாபகமில்லை. வருகிற கிளினிக்கில் அவருக்கும் கேட்கிறேன், எனக்கும் கேட்கிறேன். கைப்பிடி என்ன உயரத்தில் வைக்க வேண்டும்?

பழையதாதி

அவரைச் செருப்போடு நேராக நிற்கவைத்து, கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு எந்த உயரத்தில் வருகிறதோ அந்த உயரம். கக்கூசுக்கு அவருடைய இடது பக்கம் கட்டாயம் ஒன்று. கொங்கிறீட்டுக்குள் இறங்குகிற ஆணி போடுங்கள், பூச்சில் மட்டும் நின்றால் கழன்று வரும். படியைச் சாய்வாக்கும்போது ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் விடச் சொல்லுங்கள், செங்குத்தாக வைத்தால் மழைக்கு வழுக்கும்.

மயிலிட்டிக்கடல்

பிள்ளை, மேசனுக்குக் காசு கொடுக்க முன் ஒரு வார்த்தை சொல். என் மருமகன் மேசன், ஞாயிறு பின்னேரம் சும்மாதான் இருப்பான். சீமெந்து மட்டும் வாங்கி வை.

உடுவில்காரி

ஐயாவின் மருமகன் வந்து சாய்வு போட்டுவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை, தேத்தண்ணீரும் பனங்காய்ப் பணியாரமும்தான். நாலு நாள் சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றினோம்.

கைப்பிடிக்கு இரும்புக் குழாய் வாங்கத்தான் நினைத்தேன். மகன் சொன்னான், அப்பாவின் பட்டறையில் வேம்பு கிடக்கிறது என்று. சித்திரைக்கு முன் யாருக்கோ கதவுநிலைக்கு அறுத்து வைத்தது. ஏழு மாதமாக அந்தக் கொட்டிலை நான் திறக்கவில்லை. உளிகள் எல்லாம் இவர் சுற்றி வைத்தபடி எண்ணெய்த் துணிக்குள் இருந்தன, ஒன்றிலும் துருவில்லை.

மகனுக்கு அவ்வளவு வேலை தெரியாது. இவரைக் கதிரையில் கொண்டு வந்து பட்டறை வாசலில் இருத்தினோம். அவன் மரத்தைப் பிடிப்பான், இவரைப் பார்ப்பான். 'சரி' என்பார். பிழையாகப் பிடித்தால் இன்னொரு 'சரி', அது வேறு சத்தம், கிட்டத்தட்ட அடி விழுகிற சத்தம். இரண்டு நாளில் அவன் இரண்டையும் பிரித்தறியப் பழகிவிட்டான். நான் ஏழு மாதமாக எல்லாவற்றையும் ஒரே சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாட்டும் பாடுகிறோம், ஞாயிறு பள்ளியில் படித்த கீர்த்தனை ஒன்று. எட்டு நாள் ராகம் மட்டும் மூக்கால் வந்தது. நேற்று மூன்றாவது அடியின் கடைசிச் சொல் வாயால் வந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு முயன்றும் வரவில்லை, அழுதார், நிறுத்திவிட்டோம்.

இன்று மத்தியானம் கைப்பிடியைச் சுவரில் பூட்டினோம். மழை தொடங்கிவிட்டது, விறாந்தைக் கூரையில் சத்தம். இவர் எழும்பி நின்று இடது கையால் அதைப் பிடிக்கவில்லை, முதலில் தடவிப் பார்த்தார், ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை, விரலை இழுத்து இழுத்து. நடுவில் ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். மகனைப் பார்த்து 'சரி' என்றார், அந்த மற்ற 'சரி'. அவன் பேசாமல் போய் அரத்தாளை எடுத்து வந்து அந்த இடத்தைத் தேய்க்கத் தொடங்கினான்.